வீடு பார்க்க வந்த அம்மா

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஊருக்குக் கடிதம் போட்டால்கூட நலம், நலமறிய ஆவல் என்பதற்கு மேல் எனக்குக் கை ஓடாது. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறக்கவும் கூச்சம். இப்படிப்பட்டவள் படிக்கிறவர்களின் நேரத்தைக் கேட்பது சரியில்லைதான். எங்கள் அடுத்த வீட்டு அக்கா போன வருஷம் இறந்துபோனார். அவர் இருந்தவரை இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று இருந்தேன். இனி சொன்னால் அவர் மனம் நோகாது. அதனால் எழுதுகிறேன். தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணம் ஆனது. என் வீட்டுக்காரருக்கு ராசிங்காபுரம். குரங்கணிக்கு மேலே ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோரில் அவருக்கு வேலை. பறித்த பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பி, விறகு எரித்து, அந்தச் சூட்டில் காய வைப்பார்கள். நெருப்பு கூடினால் காய் கருகும், குறைந்தால் நிறம் போகும். அதனால் பறிப்புக் காலத்தில் அவரால் ஸ்டோரை விட்டு நகர முடியாது. சனிக்கிழமை ஜீப்பில் இறங்குவார், திங்கள் காலையில் ஏறிவிடுவார். நான் போடியில் இரண்டு அறை கொண்ட ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். பகலில் ஏலக்காய் வியாபாரி ஒருவரின் சரக்குக் கிட்டங்கியில் காய் பொறுக்கப் போவேன். பெருங்காய் தனி, வெடித்த காய் தனி, நிறம் மங்கியது தனி. குனிந்த தலை நிமிராமல் செய்கிற வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு அது ஒத்துப்போனது.

மூன்று முறை உண்டானேன். மூன்றும் தங்கவில்லை. கடைசியது ஏழாம் மாதத்தில் போனது. அதற்குப் பிறகு மதுரை டாக்டரம்மா, இனி முயற்சி செய்தால் உன் உயிருக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். தெருவில் முதலில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார்கள். கேட்டபோது இருந்ததைவிட, நிறுத்தியபோதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. வளைகாப்பு வீடுகளுக்கு என்னையும் கூப்பிடுவார்கள். "சாப்பாட்டு நேரத்துக்கு வந்துரு" என்பார்கள். வளையல் போடுகிற நேரத்துக்கு வா என்று யாரும் சொல்வதில்லை. அதைத் தப்பாகவும் சொல்ல மாட்டேன். நானே அப்படிப்பட்ட வீடுகளில் முன்னால் போய் நின்றதில்லை.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டுக்காரர் காலில் அட்டை கடித்த இடங்களுக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே பேச்சை எடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மதுரையில சிஸ்டருக நடத்துற இல்லம் ஒண்ணு இருக்காம். ஆருமில்லாத புள்ளைகளைக் குடுப்பாகளாம். கோர்ட்டுல எழுதித்தான் குடுப்பாகளாம், பின்னால ஒரு வம்பும் வராதாம். போயிப் பாப்பமா?"

"ஆரு சொன்னா?"

"ஆரோ சொன்னாக. போவமா, வேண்டாமா?"

போவோம் என்றேன். அடுத்த மாதமே ரயிலேறிப் போனோம்.

அங்கே ஒரு பெண் குழந்தையைக் காட்டினார்கள். எட்டு மாதம் இருக்கும். தலையில் முடி குறைவு. நெற்றியில் கொப்புளம் ஆறிய தழும்பு. சிஸ்டர் என் மடியில் வைத்ததும் அழவில்லை. என் விரலைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பியது. எத்தனை சோப்புப் போட்டாலும் பொறுக்குகிறவள் கையில் ஏலக்காய் வாசமும் கசப்பும் போகாது. குழந்தை முகத்தைச் சுளித்தது. விரலை எடுத்தது. உற்றுப் பார்த்தது. மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் சத்தமாகச் சிரித்துவிட்டார். அவர் அப்படிச் சிரித்து வெகு காலம் ஆகியிருந்தது.

எங்கள் இருவருக்கும் அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது. ஆனால் சிஸ்டர் பொறுமையாக விளக்கினார். எங்கள் விவரங்களையெல்லாம் எழுதிக்கொண்டார்கள். அடுத்து ஒரு அம்மா போடிக்கு வந்து எங்கள் வீட்டைப் பார்ப்பார். குழந்தைக்கு வெளிச்சம், காற்று, சுத்தம், தூங்க ஓர் இடம், யார் பார்த்துக்கொள்வார் என்பதெல்லாம் விசாரிப்பார். அவர் எழுதிக் கொடுத்தால்தான் கோர்ட்டுக்குப் போக முடியும். அவர் எழுதுவதுதான் எல்லாம்.

"அக்கம்பக்கத்துலயும் ரெண்டு வார்த்தை கேப்பாங்க. அதனால நீங்க முன்கூட்டியே உங்க தெருவுல விஷயத்தைச் சொல்லி வெச்சிருங்க. ஒளிவு மறைவு வேண்டாம்" என்றார் சிஸ்டர்.

நான் தலையாட்டினேன்.

திரும்பும்போது ரயிலில் என் வீட்டுக்காரர், "ஆருகிட்டச் சொல்லப்போற?" என்று கேட்டார்.

"அடுத்த வீட்டு அக்காகிட்ட. அவுக ஒருத்தருகிட்டச் சொன்னாப் போதும்ல, ஊருக்கே சொன்ன மாதிரி."

அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வீட்டுக்காரர் குரங்கணி ரோட்டில் லோடு ஜீப்பு ஓட்டினார். நான்கு பிள்ளைகள். கணீரென்ற குரல். குழாயடிச் சண்டையிலிருந்து ரேஷன் கடை வரிசை வரைக்கும் எங்கள் தெருவுக்கு அவர்தான் முன்னால் நிற்பார். ஏழாம் மாதத்தில் எனக்கு அப்படி ஆனபோது, ஜீப்பில் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனதும், மூன்று நாள் பக்கத்தில் படுத்துக் கிடந்ததும் அவர்தான். என்னிடம் அவருக்கு இருந்த பிரியத்தில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் அவரிடம் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம் என்று குடத்தை எடுத்துக்கொண்டு போவேன். தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பி வந்துவிடுவேன். சொல்லிவிட்டு, பிறகு குழந்தை கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று பயம். மூன்று முறை தெரு முழுக்கத் தெரிந்து, மூன்று முறையும் எல்லாரும் துக்கம் கேட்க வந்திருந்தார்கள். நாலாவது தடவையும் அப்படி வந்து உட்கார்ந்துவிடுவார்களோ என்று நினைத்தேன். கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம், இடுப்பில் பிள்ளையோடு வந்து நின்றால் சொல்ல வேண்டியதே இருக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வீட்டைத் தயார் செய்ய ஆரம்பித்தோம். சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து என் வீட்டுக்காரர் இரண்டு சனி ஞாயிறுகளில் வெள்ளையடித்தார். பின்பக்கச் சாக்கடைக்குப் பலகைக் கல் போட்டு மூடினார். ஜன்னலில் உடைந்த கம்பிக்குப் பதில் புதுக் கம்பி. தூங்குவதற்கு இடம் என்று சிஸ்டர் சொன்னது எங்களுக்குக் குழப்பமாக இருந்தது. பிள்ளை வருவதற்கு முன்னால் வெறும் தொட்டிலைக் கட்டித் தொங்கவிட எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பக்கம் அப்படிச் செய்யவும் மாட்டார்கள். கடைசியில் உத்தரத்தில் ஒரு கொக்கி மட்டும் மாட்டினோம். யாராவது உள்ளே வந்தால் அது எதற்கு என்று கேட்பார்களே என்று, அதில் வெங்காயக் கூடையைத் தொங்கவிட்டேன்.

அந்த ஞாயிறு சாயங்காலங்களில் என் வீட்டுக்காரர் எனக்குப் பேசப் பழக்கினார். அவர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, கண்ணாடி போட்டவர் மாதிரி மூக்கைத் தொட்டுக்கொண்டு கேட்பார்.

"கொழந்தை ராத்திரி அழுதா என்ன செய்வீங்க?"

"தூக்குவேன்."

"அப்புறமும் அழுதா?"

"தூக்கிக்கிட்டே இருப்பேன்."

"இந்தா புள்ள, நாலு வார்த்தை கூடச் சொல்லு. அந்தம்மா பேனாவைப் புடிச்சு எழுதணும்ல!"

எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அந்த இரண்டு மூன்று வாரம் எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

புதன்கிழமை வருகிறோம் என்று இல்லத்திலிருந்து கார்டு வந்தது. ஒரே ஒரு விஷயம் மீதி இருந்தது. கட்டிலுக்கு அடியில் இரண்டு சாக்கு ஏலக்காய்.

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். பறிப்புக் காலத்தில் மலையிலிருந்து ஒற்றையடிப் பாதைகளில் தலைச்சுமையாகக் காய் இறங்கும். எல்லாம் வரி கட்டிய சீட்டோடு இறங்கும் காய் அல்ல. வியாபாரிகள் அதைத் தங்கள் கிட்டங்கியில் வைக்காமல், நம்பிக்கையானவர்களின் வீட்டில் ஒன்று இரண்டாகப் பிரித்து வைப்பார்கள். எங்கள் தெருவில் அநேகமாக ஒவ்வொரு வீட்டிலும் யாருடையதோ ஒரு சாக்கு இருந்தது. வேலை கொடுக்கிறவர் சொன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. வரி ஆபீஸ்காரர்கள் ஃபைலோடு விசாரிக்க வருவதும் உண்டு. அதற்காகத் தெருவில் ஒரு பதில் இருந்தது. யார் வீட்டைப் பற்றிக் கேட்டாலும், "அவுக இங்க இல்ல, மலையிலதான் கெடப்பாக, வீடு பூட்டியேதான் இருக்கும், ஒண்ணுமில்லாத சனம்" என்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் எதையாவது உளறிவிடும் என்று அவர்களை அந்த வீட்டுப் பக்கமே விட மாட்டார்கள். நானே மற்ற வீடுகளுக்காக இரண்டு மூன்று தடவை இதைச் சொல்லியிருக்கிறேன். எனக்குப் பேச வந்த பொய் அது ஒன்றுதான்.

குழந்தைக்கு இடம் பார்க்க வருகிற அம்மா கட்டிலுக்கு அடியில் சாக்கைப் பார்த்தால் என்ன நினைப்பார்? திங்கட்கிழமை காலையில் நான் அக்கா வீட்டுக்குப் போனேன். இப்போதாவது சொல்லிவிடலாம் என்றுதான் போனேன்.

"அக்கா, அந்த ரெண்டு சாக்கையும் நாலு நாளைக்கு உங்க வீட்டுல வெச்சுக்கிருவீகளா? புதன்கிழமை ஒரு அம்மா விசாரிக்க வர்றாக. வீட்டை..."

எனக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புரிஞ்சுபோச்சு. நீ ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம். பொம்பளையவே அனுப்புறாகளா இப்ப? வரட்டும். அதான் வெள்ளையடிச்சு எல்லாஞ் செஞ்சீகளாக்கும், தடம் தெரியாம. எங்கிட்டச் சொல்லக்கூட ஒனக்கு இம்புட்டுப் பயமா? கொண்டா, வெரசாக் கொண்டா, ஆளு நடமாட்டம் வர்றதுக்குள்ள."

அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. இல்லை அக்கா, அது வேறு விஷயம் என்று சொல்ல வேண்டும். ஆனால், சொல்லாமலே ஒரு வேலை முடிந்த நிம்மதி முதலில் வந்துவிட்டது. சாக்குகளைப் பின்வாசல் வழியாக இருவரும் இழுத்துக்கொண்டு போனோம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை நாள் முழுக்கச் சாரல். அக்கா வீட்டில் பெண்கள் இருவர் மூவர் உட்கார்ந்திருந்தார்கள். வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன்.

புதன்கிழமை என் வீட்டுக்காரர் லீவு கேட்டு இறங்கி வந்திருந்தார். வெங்காயக் கூடையை எடுத்துவிட்டுக் கொக்கியைத் துடைத்தோம். பத்து மணிக்கு மேல் அந்த அம்மா வந்தார். நாற்பது வயது இருக்கும். கைத்தறிச் சேலை, நனைந்த குடை, கையில் ஃபைல். நல்லவர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "மழையில மலை தெரியவே இல்லையே" என்று பேச்சை ஆரம்பித்தார். இரண்டு அறையையும் பார்த்தார். ஜன்னலைத் திறந்து பார்த்தார். உத்தரத்தை நிமிர்ந்து பார்த்து, "தொட்டிலுக்கா?" என்று கேட்டுச் சிரித்தார். வேலைக்குப் போகிறீர்களே, குழந்தையை யார் பார்ப்பது என்று கேட்டார். நின்றுவிடுவேன் என்றேன். என் வீட்டுக்காரர் மற்றதற்கெல்லாம் பதில் சொன்னார். பழகி வைத்த கேள்வி ஒன்றும் வரவில்லை. ஆனாலும் நன்றாகத்தான் போனது. அவர் எழுதிய வேகத்தைப் பார்த்து எனக்கே தெரிந்தது.

"தெருவுல பிள்ளைகளைக் காணோமே, பள்ளிக்கூடமா?" என்று கேட்டார்.

அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு. அக்காவின் கடைசிப் பெண் தினமும் என் வீட்டில் வந்துதான் கருப்பட்டி கேட்பாள். அன்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சாரல் தெறிக்கிறது என்று நான் ஜன்னலைச் சாத்தப் போனேன். என் வீட்டுக்காரர் கலர் சோடா வாங்கிவர முக்குக் கடைக்குக் கிளம்பினார். அவர் போனதும் அந்த அம்மா எழுந்தார்.

"அக்கம்பக்கத்துல ரெண்டு வார்த்தை பேசிட்டு வந்துர்றேன். நீங்க உக்காருங்க."

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அக்கா தன் வாசலில் தயாராக நின்றுகொண்டிருந்தார். எதிர் வீட்டுப் பெண்ணும் கூட இருந்தார்.

"இவங்களைப் பத்தி ரெண்டு கேள்வி கேக்கலாமா? எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்றார் அந்த அம்மா.

"தெரியாம என்னம்மா? எல்லாந் தெரியும். கேளுங்க."

"எப்படிப்பட்டவங்க? நல்லாப் பழகுவாங்களா?"

"பழகுறதுக்கு அவுக எங்கம்மா இங்க இருக்காக! வருசத்துல முக்காவாசி நாளு மலையிலதான். வீடு பூட்டியேதான் கெடக்கும். இன்னைக்கு என்னமோ தொறந்திருக்கு."

"ரெண்டு பேருமேவா?"

"அந்தாளு எப்ப வருவாரு எப்ப போவாருன்னு எங்களுக்கே தெரியாது. அந்தப் பொம்பளை இருந்தாலும் இல்லாத மாதிரிதான். ஆருகூடவும் ஒரு பேச்சுக் கெடையாது."

எதிர் வீட்டுப் பெண், "ஒண்ணுமில்லாத சனம்மா. சட்டி பானையைத் தவிர உள்ள ஒண்ணும் இருக்காது" என்றார்.

அந்த அம்மா எல்லாவற்றையும் ஃபைலில் எழுதிக்கொண்டார். பிறகு, "குழந்தைங்கன்னா பிரியமா இருப்பாங்களா? தெருப் பிள்ளைங்க அவங்க வீட்டுக்குப் போகும் வருமா?" என்று கேட்டார்.

அக்கா இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவர் எதற்கும் சளைக்கிறவர் அல்ல. பிள்ளைகளைப் பிடித்து விசாரிப்பதற்குத்தான் வழி பார்க்கிறார் என்று நினைத்திருப்பார்.

"எம்புள்ளைக அந்த வாசப்படியை மிதிச்சதே கெடையாதும்மா. ஒரு புள்ளைகூட அந்தப் பக்கம் போகாது. அவுகளும் சேக்க மாட்டாக. புள்ளைகளுக்கு அந்த வீட்டைப் பத்தி ஒண்ணுமே தெரியாது."

என் வீட்டுக்கும் அக்கா வாசலுக்கும் நாலு எட்டு. கதவைத் தாண்டி வந்து, அக்கா, நான் பிள்ளை தத்தெடுக்கிறேன், இந்த அம்மா அதற்காக வந்திருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். அக்கா அந்த இடத்திலேயே மாற்றிப் பேசியிருப்பார், என்னைக் கட்டிப்பிடித்து அழுதிருப்பார். அல்லது, அவர்கள் உங்களை வேறு ஆள் என்று நினைத்துவிட்டார்கள் என்று அந்த அம்மாவிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் அப்படி நினைத்தார்கள் என்று கேள்வி வரும், சாக்கு வரும், அதை வைத்திருக்கிற அக்கா மாட்டுவார், தோட்டத்துக் காய் என்று சந்தேகப்பட்டு என் வீட்டுக்காரருக்கு வேலை போகும் என்றெல்லாம் பிற்பாடு எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. அந்த நேரத்தில் ஒரு காரணமும் எனக்குத் தோன்றவில்லை. தெருவில் இறங்கி நின்று, எல்லார் முன்னாலும் எனக்குப் பிள்ளை வேண்டும் என்று சொல்ல நாக்கு எழவில்லை. கதவின் தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றேன், அவ்வளவுதான்.

அந்த அம்மா திரும்பி வந்தார். முகத்தில் முன்பு இருந்த சிரிப்பு இல்லை. ஆனால் கோபமும் இல்லை.

"உங்க வீட்டுக்காரர் மலைக்குப் போறப்ப நீங்களும் கூடப் போயிருவீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"வாயைத் திறந்து சொல்லுங்கம்மா" என்றார் மெதுவாக.

"இல்லங்க."

அதையும் எழுதிக்கொண்டார். என் வீட்டுக்காரர் கலரோடு வந்தார். அந்த அம்மா பாதி குடித்துவிட்டு, பஸ்சுக்கு நேரமாகிறது என்று எழுந்தார். அவர் குடை தெரு முனையில் திரும்பியதும் அக்கா ஓடி வந்தார்.

"எப்படிச் சமாளிச்சேன் பாத்தியா! என்னென்னமோ சுத்தி வளைச்சுக் கேக்குறா. கொழந்தைகளைக் கேக்குறாடி! நான் விடுவேனா? அங்கிட்டு இங்கிட்டு அசைய விடலையே!"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"நல்லதுக்கா" என்றேன். காபி போட்டுக் கொடுத்தேன். அவர் உட்கார்ந்து குடித்துவிட்டு, சாக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும், அவசரப்படாதே என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நீ வெளிய வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

அதற்கு மேல் அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சரி, நாமே எழுதிப் போடுவோம் என்று காகிதம் எடுத்தார். எங்கள் தெருவில் சொன்னது உண்மை இல்லை என்று எழுதினோம். ஏன் இல்லை என்பதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சாக்கைப் பற்றிக் காகிதத்தில் எழுதக் கூடாது என்றார். மூன்று காகிதம் கிழித்த பிறகு, நாங்கள் நல்லவர்கள், வீட்டைப் பூட்டி வைப்பதில்லை, குழந்தையை நன்றாக வளர்ப்போம் என்று மட்டும் எழுதி, கீழே இருவரும் கையெழுத்துப் போட்டு அனுப்பினோம்.

அந்த நாட்களில் மழை விடவே இல்லை. கிட்டங்கியில் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது, தபால்காரர் தெருவுக்குள் போயிருப்பாரா என்று நினைத்துக் கவனம் தவறும். நிறம் மங்கிய காயை நல்ல காயோடு போட்டுவிடுவேன். பக்கத்தில் இருந்த பெண்கள் பேசாமல் எடுத்து மாற்றிப் போட்டார்கள்.

நாலாவது வாரம் இல்லத்திலிருந்து கடிதம் வந்தது. நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். நேரில் கூப்பிட்டால் நல்லதாகத்தான் இருக்கும் என்றார் என் வீட்டுக்காரர். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன். கொடுக்க மாட்டார்கள் என்றால் தபாலிலேயே சொல்லியிருப்பார்களே.

சிஸ்டர் எங்களை உட்காரச் சொல்லி, ஃபைலைத் திறந்தார்.

"வீடு சுத்தமா இருக்குன்னு எழுதியிருக்காங்க. ஆனா பெரும்பாலும் பூட்டியிருக்கும்னும், கணவர் எப்ப வருவார்னு தெரியாதுன்னும், இந்தம்மா குழந்தைங்களைச் சேக்க மாட்டாங்கன்னும் தெருவுல சொல்லியிருக்காங்க. உங்க லெட்டரும் கிடைச்சது. அக்கம்பக்கத்துக்காரங்க சொன்னது பொய்ன்னா, அவங்க ஏன் பொய் சொல்லணும்? அதை நீங்க எழுதலையே."

என் வீட்டுக்காரர் அப்போதுதான் சொன்னார். மலைப் பாதை, சாக்கு, வரி ஆபீஸ், தெருவின் பதில், அக்கா, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லும்போது அவருக்கு வியர்த்துவிட்டது. சிஸ்டர் நடுவில் ஒரு இடத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டார். முடியும்போது அவர் முகம் வாடிப்போயிருந்தது.

"அந்தத் தெருவுல ஒருத்தருக்காவது முன்னாடியே விஷயம் தெரிஞ்சிருந்தா..." என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார். "அந்தக் குழந்தைக்கு வேற ஒரு குடும்பம் முடிவாயிருச்சு. போன வாரமே கூட்டிட்டுப் போயிட்டாங்க."

வராந்தாவில் யாரோ வாளியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"மறுபடி ஒரு மனு எழுதிக் குடுங்க. ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகலாம். வேற குழந்தை வரும். நாங்க திரும்பவும் வந்து வீட்டைப் பாப்போம். இந்தத் தடவை தெருவுல சொல்லிட்டுக் கூப்பிடுங்க."

மனுப் பாரம் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்து, பேனாவையும் கொடுத்தார். என் வீட்டுக்காரர் பேனாவின் மூடியைக் கழற்றினார். எழுதுவதற்கு முன்னால் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணில் அவ்வளவு ஆசை இருந்தது. நான் யோசித்தேன். மறுபடி அதே வீடு, அதே வாசல். முதலில் அக்காவிடம் போய் நிற்க வேண்டும். அன்றைக்கு நீங்கள் எனக்காகச் சொன்ன பொய்யால்தான் என் பிள்ளை போனது என்று அவரிடம் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அடுத்த தடவை என்பது இல்லை. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் தரையில் படுத்துக் கிடந்தவரிடம் அதை எந்த வாயால் சொல்வது?

வேண்டாம் என்று தலையாட்டினேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு பேனாவுக்கு மூடியைப் போட்டு, சிஸ்டரிடம் திருப்பிக் கொடுத்தார். "யோசிச்சுச் சொல்றோம் சிஸ்டர்" என்றார். யோசிக்க ஒன்றும் இல்லை என்பது மூன்று பேருக்குமே தெரிந்தது.

ரயிலில் ஜன்னல் பக்கம் என்னை உட்காரவைத்தார். ரயில் ஆண்டிபட்டியைத் தாண்டியது. பிறகு, "பசிக்குதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். போடியில் இறங்கும்போது இருட்டத் தொடங்கியிருந்தது.

அக்கா வாசலில் நின்றார். "எங்கத்தா போனீக ரெண்டு பேரும், காலையிலருந்து ஆளையே காணோம்?"

"ஆஸ்பத்திரிக்குக்கா" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு தூக்குச்சட்டியில் ரசமும் சோறும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை முதல் ஜீப்பில் என் வீட்டுக்காரர் குரங்கணிக்குப் போனார். மழை விட்டிருந்தது. நான் துணி துவைத்துப் போட்டுவிட்டு எட்டரை மணிக்குப் பொறுக்கப் போனேன்.